‘எல்லாத்தையும் ஒண்டா அப்டேட் பண்ணுங்கோ’ எண்டு சொல்லுறது ஆருக்கு லேசு?

எங்கட விடுதி அறையில் உள்ளங்கை அளவான கணினிப் பலகை ஒன்று இருக்கிறது. சீனியர் அண்ணா ஒருவர் வெளிநாடு போகும்போது விட்டுட்டுப் போனது. அதில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொழுவி, கடந்தகால வினாத்தாள்கள், ஸ்கேன் பண்ணின சிற்றிதழ்கள், விரிவுரை ஒலிப்பதிவுகள் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தோம். விடுதியில் ஆர் வேண்டுமானாலும் டாட்டா செலவில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடினது.

ஒரு நாள் அதிலிருந்த லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினோம். மாற்றி முடிய நெட்வேர்க் போச்சுது. வயர் நல்லம், ரவுட்டர் நல்லம், பலகையில் இருக்கிற சின்னப் பச்சை லைட்கூட எரியுது. ஆனால் ஒரு பைட்டும் போகவும் இல்லை, வரவும் இல்லை.

தெரிந்தவர்களிடம் விசாரித்தோம். வந்த பதில் இதுதான்: “ஃபேர்ம்வெயரையும் டிவைஸ் ட்ரீயையும் கேர்னலோட சேர்த்து மாத்தியிருக்க வேணும். எல்லாத்தையும் ஒண்டா அப்டேட் பண்ணினா இப்பிடி வராது.”

இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கு எதிரானது. பதில் சொன்னவருக்கு எதிரானதல்ல. அவர் உதவிதான் செய்தார். கேர்னல் எழுதுகிறவர்கள் மத்தியிலும், பலகை செய்து விற்கிற கொம்பனிகள் மத்தியிலும் இந்தப் பதில் ஒரு இயல்பான நியாயம் மாதிரிப் புழங்குகிறது. அது நியாயம் இல்லை என்று நாங்கள் சொல்லுறம்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு பிரதியை ஆர் எழுதினது, ஆர் வாசிக்கிறது, வாசிப்பு மாறும்போது ஆர் நட்டப்படுகிறது என்று கேட்கத்தான் எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். இங்கேயும் நடுவில் இருப்பது ஒரு பிரதிதான்.

டிவைஸ் ட்ரீ என்றால் என்ன?

மடிக்கணினியில் ஒரு யூஎஸ்பி பென் டிரைவைச் செருகினால் அது தன்னைத் தானே அறிமுகப்படுத்தும்: நான் இன்ன கொம்பனி, இன்ன மாடல் என்று. பிசிஐ இணைப்பில் இருக்கிற பாகங்களும் அப்படித்தான். ஆனால் போன், டிவிப் பெட்டி, ரவுட்டர், எங்கட பலகை போன்றவற்றுக்குள் இருக்கிற பல பாகங்களுக்கு அப்படிப் பேச வாய் கிடையாது. நெட்வேர்க் பாகம் எந்த முகவரியில் இருக்கு, எந்தக் கடிகாரத்தில் ஓடுது, எந்த வழியால் கேர்னலைக் கூப்பிடும் என்பதையெல்லாம் ஆராவது எழுதிக் கொடுத்தால்தான் கேர்னலுக்குத் தெரியும். வன்பொருளுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் நடத்துகிற மையப் பகுதியைத்தான் கேர்னல் என்கிறோம்.

அந்த எழுத்துத்தான் டிவைஸ் ட்ரீ. வன்பொருளின் விவரணம். மனிதர் வாசிக்கக்கூடிய ஒரு கோப்பாக எழுதி, பிறகு சின்னதொரு இருமக் கோப்பாக மாற்றுவார்கள். கணினி எழும்பும்போது முதலில் ஓடுகிற ஃபேர்ம்வெயர் அந்தக் கோப்பைக் கேர்னலின் கையில் கொடுத்து, “நீ இப்ப இருக்கிற வீடு இதுதான்” என்று சொல்லும்.

இது புதுசு இல்லை. 1994இல் ஐஈஈஈ 1275 என்ற நியமமாக வந்த ‘ஓபன் ஃபேர்ம்வெயர்’ தான் இதன் மூலம். சன் நிறுவனத்தின் கணினிகளும் ஆப்பிளின் பழைய பவர்பிசி மெக்குகளும் அதைப் பாவித்தன. ஆர்ம் சிப்புகளின் உலகத்தில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு பலகைக்கும் ஒவ்வொரு நிரல் கோப்பு என்று கேர்னலுக்குள்ளேயே எழுதி நிரப்பிக்கொண்டிருந்தார்கள். 2011 மார்ச்சில் லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமையிழந்து, கெட்ட வார்த்தையும் சேர்த்து, இந்த ஆர்ம் விசயம் பெரிய தலையிடி என்று பகிரங்கமாகவே எழுதினார். அதற்குப் பிறகு ஆர்ம் பலகைகளின் விவரங்கள் வேகமாக டிவைஸ் ட்ரீக்குள் நகர்ந்தன.

நகர்ந்ததன் அர்த்தம் முக்கியம். விவரம் கேர்னலின் நிரலுக்குள் இருந்தவரைக்கும் அது கேர்னலின் சொந்தக் குறிப்புப் புத்தகம். வெட்டலாம், கிழிக்கலாம், திருப்பி எழுதலாம். வெளியே வந்த பிறகு அது ஒரு ஆவணம். அதை லினக்ஸ் மட்டும் வாசிப்பதும் இல்லை. கணினியை எழுப்புகிற யூ-பூட் வாசிக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளமும் வாசிக்கிறது. கேர்னலுக்குள் ஒருவர் தன்ர வசதிக்கு ஒரு சொல்லின் பொருளை மாற்றினால், இவர்கள் எல்லாருடைய வாசிப்பும் குழம்பும்.

கொடுத்த வாக்கு

இது கேர்னல்காரருக்குத் தெரியாத விசயம் இல்லை. 2013 ஒக்டோபரில் ஆர்ம் பகுதியில் வேலை செய்கிறவர்கள் எடின்பரோவில் கூடியபோது இதைத்தான் கதைத்தார்கள். அந்தக் கூட்டத்தின் சுருக்கம் இன்றைக்கும் கேர்னலின் ஆவணங்களுக்குள் விதியாக இருக்கிறது. அதன் சாரம்: பழைய விவரணத்தைக் கொடுத்தால் புதிய கேர்னல் உடையக்கூடாது. அதற்காக விவரண மொழி என்றென்றைக்கும் உறைந்து கிடக்க வேண்டும் என்றும் இல்லை. புதிய சொல் ஒன்றைச் சேர்க்கலாம். அந்தச் சொல் இல்லாத பழைய விவரணம் வந்தால் பழைய மாதிரியே நடந்துகொள்ள வேணும். உண்மையாகவே ஒத்துப்போகாத மாற்றம் தேவையென்றால், பாகத்தின் அடையாளப் பெயரையும் சேர்த்து மாற்ற வேணும். டிரைவர் பழைய பெயரையும் புதிய பெயரையும் அடையாளம் காணும். அப்போது டிவைஸ் ட்ரீயின் பராமரிப்பாளர்களில் ஒருவராக இருந்த கிராண்ட் லைக்லி அந்தக் கூட்டத்தில் சொன்ன வழிகள் இவை.

‘அடையாளப் பெயர்’ என்று நாங்கள் சொல்வது, ஒவ்வொரு பாகத்துக்கும் விவரணத்தில் எழுதப்படும் ‘கம்பேட்டிபிள்’ என்ற வரி. அதில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களை வரிசையாகப் போடலாம்: முதலில் இந்தச் சிப்பின் துல்லியமான பெயர், அதற்குப் பின்னால் இது ஒத்துப்போகிற பழைய சிப்பின் பெயர். கேர்னலுக்கு முதல் பெயர் தெரியாவிட்டால் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு ஓடும். இப்படி ஒரு நல்ல வழியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ‘ஒண்டா அப்டேட் பண்ணு’ என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காகத்தான் இது இருக்கிறது.

அந்த வாக்கு இருந்தும் எங்கட நெட்வேர்க் ஏன் போனது?

பிரதி மாறவில்லை, வாசிப்பு மாறினது

வேகமான ஈதர்நெட்டில் கணினியின் நெட்வேர்க் பகுதிக்கும், வயரோடு கதைக்கிற சிப்புக்கும் இடையில் ஆர்ஜிஎம்ஐஐ என்ற இணைப்பு இருக்கும். அதில் தரவும் கடிகாரச் சைகையும் ஒரே நேரத்தில் கிளம்பினால் எதையும் சரியாக வாசிக்க ஏலாது. கடிகாரத்தை ஏறத்தாழ 2 நனோ செக்கன் தாமதிக்க வேணும். அந்தத் தாமதத்தை ஆர் போடுவது? பலகையில் கம்பியை நீளமாக ஓடவிட்டும் போடலாம், சிப்பும் போடலாம். விவரணத்தில் ‘ஆர்ஜிஎம்ஐஐ’ என்று எழுதினால் சிப் தாமதம் போடத் தேவையில்லை என்று பொருள். அதன் பின்னால் ‘-ஐடி’ என்று சேர்த்து எழுதினால் சிப்தான் போட வேணும் என்று பொருள். வித்தியாசம் ஒரு சின்னக் கோடும் இரண்டு ஆங்கில எழுத்தும்.

பல பலகைகளின் விவரணத்தில் ‘-ஐடி’ இல்லாமல் பிழையாக எழுதியிருந்தார்கள். ஆனாலும் அவை வேலை செய்தன. ஏனென்றால் ரியல்டெக்கின் ஆர்டிஎல்8211ஈ என்ற சிப்புக்கான டிரைவரிலும் ஒரு பிழை இருந்தது. விவரணத்தில் இருக்கிற தாமதத்தை அது சிப்புக்குச் சரியாகச் சொல்லவே இல்லை. பலகையைச் செய்தவர்கள் சிப்பின் கால்களில் கம்பி வைத்துப் போட்ட அமைப்பிலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பிழையும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு இருந்தன.

2020இல் டிரைவரின் பிழையைத் திருத்தினார்கள். திருத்தம் சரியான திருத்தம். டிரைவர் முதல் தடவையாக விவரணத்தை நம்பத் தொடங்கியது. விவரணமோ பிழை. தாமதம் நிறுத்தப்பட்டது. பலகைகளில் லைட் எரிந்தது, தரவு போகவில்லை. எங்கட பலகைக்கு நடந்ததும் இதே கதைதான், சில வருடம் பிந்தி.

இந்த இடத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கோ. இரண்டு விதமாகச் செய்தார்கள். ஆல்வின்னர் சிப் இருக்கிற பல பலகைகளுக்குக் கேர்னலோடு சேர்ந்து வரும் விவரணக் கோப்புகளில் ‘-ஐடி’ சேர்த்தார்கள். விவரணத்தைக் கேர்னல் பொதியிலிருந்து எடுக்கிறவர்களுக்கு அது போதும். ஃபேர்ம்வெயர் தன்ர வயிற்றுக்குள் வைத்திருக்கிற பழைய விவரணத்தைக் கொடுக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

இன்னொரு பக்கம், சின்குவேசர் சிப் வைத்த கணினிகளிலும் இதே பிரச்சினை வந்தது. அவை விற்பனைக்கு வந்தபோதே பிழையான வரி ஃபேர்ம்வெயருக்குள் இருந்தது. அங்கே அந்த நெட்வேர்க் பகுதிக்கான டிரைவரை மாற்றினார்கள்: ஏசிபிஐ முறையில் எழும்புகிற கணினியென்றால், ஃபேர்ம்வெயர் சொல்லும் அந்த வரியைப் பொருட்படுத்தாதே, ஃபேர்ம்வெயர் சிப்பை ஏற்கெனவே சரியாக வைத்திருக்கும் என்று எடுத்துக்கொள். பாவனையாளர் எதையும் மாற்றத் தேவையில்லாமல் போனது. சுமையைக் கேர்னல் தூக்கிக்கொண்டது.

முதலாவது முறை பிரதியைத் திருத்தியது. இரண்டாவது முறை, பழைய பிரதியைக் கையில் வைத்திருக்கிற வாசகர் இன்னும் இருக்கிறார் என்பதை நினைவில் வைத்தது. இரண்டாவதுதான் சரி என்று நாங்கள் நினைக்கிறம். முதலாவதைச் செய்யக்கூடாது என்று சொல்லவில்லை, அதோடு நிற்கக்கூடாது.

எங்கட மொழிக்கு இது புதுசில்லை

பாமினி எழுத்துருவில் டைப் பண்ணின பழைய கோப்பை போனில் திறந்திருக்கிறீர்களா? ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். கோப்பில் ஒன்றும் மாறவில்லை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற உடன்பாடு அந்த எழுத்துருவுக்குள் மட்டும் இருந்தது. எழுத்துரு இல்லாத இடத்தில் பிரதி செத்துப்போனது. பாமினியில் எழுதிய எத்தனை அறிக்கை, எத்தனை சிறப்பு மலர், எத்தனை ஆய்வுக்கட்டுரை இப்படிக் கிடக்கிறது என்று எங்கட நூலகங்களில் வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கோ.

யூனிகோட் வந்து செய்த பெரிய காரியம் தமிழுக்கு இடம் கொடுத்தது மட்டுமில்லை. ஒருக்கா ஒரு எழுத்துக்கு ஒரு எண்ணைக் கொடுத்தால் பிறகு அதை நகர்த்துவதும் இல்லை, எடுப்பதும் இல்லை என்று விதி வைத்தது. எழுத்தின் பெயரைக்கூட மாற்றுவதில்லை. ‘ழ’ வுக்கு அவர்கள் வைத்த ஆங்கிலப் பெயர் மூன்று ‘எல்’ சேர்ந்த ஒரு விநோதமான பெயர். அதை ஆரும் அழகு என்று சொல்லமாட்டார்கள். ஆனாலும் அப்படியே இருக்கிறது, இருக்கும். அந்தப் பிடிவாதம் இருக்கிறபடியால்தான் நாங்கள் இன்றைக்கு எழுதுவதை 20 வருடம் கழித்து ஒரு தங்கச்சி திறந்து வாசிக்கலாம்.

அப்போது ஆராவது வந்து, “எழுத்துருவையும் கோப்பையும் போனையும் ஒண்டா மாத்துங்கோ, பிரச்சினை இல்லை” என்று சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்போமா?

ஃபேர்ம்வெயருக்கும் இதே சட்டம்

ஃபேர்ம்வெயர் என்று ஒரே சொல்லால் இரண்டு விசயத்தைச் சொல்கிறோம். ஒன்று, கணினியை எழுப்புகிற முதல் நிரல். மற்றது, வைஃபை, கிராபிக்ஸ் போன்ற பாகங்களுக்குள் ஓடுகிற நிரல். அதைக் கேர்னல் ஒரு கோப்பிலிருந்து எடுத்து அந்தப் பாகத்துக்குள் ஏற்றும். அந்தக் கோப்புகள் ஒருகாலம் கேர்னலோடு சேர்ந்தே இருந்தன. 2017இல் வந்த 4.14 பதிப்போடு கேர்னலுக்குள் இருந்த ஃபேர்ம்வெயர் அடைவை முழுதாக எடுத்துவிட்டார்கள். இப்போது அவை தனிப் பொதி. ஒன்று புதுசாக இருக்கும், மற்றது பழசாக இருக்கும். அது இயல்பு.

2022இல் இன்டெலின் கிராபிக்ஸ் டிரைவர் அந்த இயல்பை மறந்தது. 5.19 கேர்னல் தயாராகிக்கொண்டிருந்தபோது, சில புதிய சிப்புகளுக்கு ஃபேர்ம்வெயரின் 70ஆம் பதிப்பு கட்டாயம் என்றும், அதுவரை ஓடிய 69ஆம் பதிப்புக்கு ஆதரவு இல்லை என்றும் ஆக்கினார்கள். கேர்னலை மட்டும் மாற்றுகிறவருக்கு நேற்றுவரை ஓடியது இன்றைக்கு ஒழுங்காக ஓடாது. கிராபிக்ஸ் பகுதியின் பராமரிப்பாளர் டேவ் எயர்லி இதை ஏற்கவில்லை. 69ஐயும் 70ஐயும் சமாந்தரமாக ஆதரிக்கிற மாதிரி டிரைவரைத் திருத்த வேண்டி வந்தது. ‘ஏலாது’ என்று சொல்லப்படுகிற விசயம், கேட்கிறவர் உறுதியாகக் கேட்டால் சில கிழமையில் ஏலும் என்று அன்றைக்கு விளங்கினது.

அவர் அதோடு விடாமல் ஒரு வழிகாட்டியும் எழுதினார். அது இப்போது கேர்னல் ஆவணத்தின் பகுதி. அதன் சாரம் இரண்டு வரி: புதிய கேர்னலுக்கு மாறுகிறவர், வன்பொருள் தொடர்ந்து வேலை செய்வதற்காகப் புதிய ஃபேர்ம்வெயர் தேடித் திரியக்கூடாது. புதிய ஃபேர்ம்வெயர் கோப்பு வந்ததால் பழைய கேர்னல் வைத்திருக்கிறவருக்குக் கேடு வரவும் கூடாது. இரண்டு திசையிலும் காவல்.

‘எல்லாத்தையும் ஒண்டா அப்டேட் பண்ணு’ என்பவர்கள் இந்த இரண்டு வரியையும் வாசிக்க வேணும். அது எங்களைப் போன்ற ஆட்களின் புலம்பல் இல்லை. அவர்கள் வீட்டுச் சட்டம்.

ஆர் இந்த ‘ஒண்டா’வைச் செய்யக்கூடியவர்?

ஃபேர்ம்வெயரை மாற்றுவது ஆப் ஒன்றை மாற்றுவது மாதிரி இல்லை. எங்கட பலகையில் அது ஒரு சின்ன நினைவகச் சிப்புக்குள் எழுதப்படுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பலகை பிறகு எழும்பாது; தனிக் கருவி வைத்து வெளியிலிருந்து எழுதித்தான் உயிர் கொடுக்க வேணும். 2022இல் நாங்கள் ஏ.எல். படித்த காலத்தில், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களும் இருந்தன. அந்த நாட்களை மறக்காத ஒருவர் ‘ஃபிளாஷ்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் முதலில் நேரத்தைத்தான் பார்ப்பார்.

அதுக்கும் மேல், மாற்றுவதற்கு ஒரு ஃபேர்ம்வெயர் இருக்க வேணுமே? பலகையைச் செய்த கொம்பனி அதற்குப் புதிய ஃபேர்ம்வெயர் வெளியிடுவதை எப்பவோ நிறுத்திவிட்டது. ‘ஒண்டா’ மாற்றச் சொன்னவரிடம் அந்த ஒன்றில் பாதி இல்லை.

‘ஒண்டா’ என்ற உலகம் முழுதாக எப்படி இருக்கும் என்று அறிய வேண்டுமென்றால் உங்கட போனைப் பாருங்கோ. கேர்னல், விவரணம், ஃபேர்ம்வெயர் மூன்றையும் கொம்பனி ஒரே மூட்டையாகக் கட்டித் தருகிறது. மூட்டை வருகிற வரைக்கும் வாழ்க்கை சந்தோசம். கொம்பனி மூட்டை கட்டுவதை நிறுத்தினால் மூன்றும் ஒரே நாளில் நிற்கும். ஒன்றை மட்டும் புதுப்பிக்க வழியில்லை, ஏனென்றால் ஒன்று மற்றதைத் தெரிந்துகொள்ளாது. 2017இல் ஆண்ட்ரொய்ட் 8ஓடு கூகிள் ‘ட்ரெபிள்’ என்ற பெயரில் கொம்பனியின் பகுதியையும் இயங்குதளத்தையும் பிரித்து, நடுவில் ஒரு நிலையான எல்லை போட வேண்டி வந்தது. மூட்டை முறை சரியாக ஓடியிருந்தால் அந்த வேலைக்குத் தேவையே இருந்திருக்காது.

எதிர்வாதங்கள்

மூன்று எதிர்வாதம் எங்களுக்குச் சொல்லப்பட்டது. மூன்றிலும் உண்மை இருக்கு.

முதலாவது: பராமரிப்பாளர்கள் கொஞ்சப் பேர், பலகைகள் ஆயிரக்கணக்கில், ஒவ்வொரு பழைய விவரணத்தோடும் ஒவ்வொரு புதிய கேர்னலையும் ஓட்டிப் பார்க்க ஏலாது. ஏலாதுதான். நாங்கள் கேட்பது எல்லாச் சேர்மானத்தையும் பரிசோதிக்கச் சொல்லி இல்லை. இப்போது இருக்கிற கருவிகள் புதிய விவரணம் புதிய விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கின்றன. வெளியே போன பழைய விவரணம் புதிய டிரைவரோடு எழும்புமா என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை. அந்தக் கேள்வியைத் திருத்தம் அனுப்புகிறவரிடம் கேட்பதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. கேர்னலுக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கொம்பனிகளில் சம்பளத்துக்கு எழுதுகிறவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. சுமையைத் தூக்கக் காசுள்ள தோள் இருக்கு.

இரண்டாவது: பழைய விவரணத்தை மதித்துக்கொண்டே இருந்தால் பழைய பிழைகளும் நிரந்தரமாகிவிடும். இதற்குப் பதில் 2013லேயே சொல்லியாயிற்று: புதிய பெயர் வை, பழையதையும் அடையாளம் கண்டுகொள். பிழையைத் திருத்துவதை ஆரும் தடுக்கவில்லை. ஊரில் ஒரு ஒழுங்கைக்குப் பெயர் மாற்றினாலும் பழைய பெயரில் வரும் கடிதத்தைத் தபால்காரர் கொண்டுவந்து தருகிறார்தானே.

மூன்றாவது: பாதுகாப்புக்காக ஃபேர்ம்வெயரைப் புதுப்பிக்கத்தான் வேணும். நிச்சயமாக வேணும். ஆனால் கேர்னலை மாற்றினால் நெட்வேர்க் போகும் என்று ஒருக்காச் சுட்டுக்கொண்டவர் அடுத்த முறை கேர்னலை மாற்றமாட்டார். நாங்களும் பழைய கேர்னலுக்குத் திரும்பி மூன்று மாதம் ஒன்றையும் தொடாமல் விட்டோம். அந்த மூன்று மாதமும் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் ஒன்றும் எங்கட பலகைக்கு வரவில்லை. தனித்தனியாகப் பயமில்லாமல் மாற்ற முடிந்தால்தான் சனம் மாற்றும்.

வழி இல்லாமல் இல்லை

ஒத்திசைவு கடினம் என்று சொல்லித் தப்ப ஏலாது. வழிகள் எழுதியே இருக்கின்றன. கேர்னலுக்குள் டிரைவர் மாற்றம் ஒரு பராமரிப்பாளரின் வழியாகவும், விவரணக் கோப்பின் மாற்றம் இன்னொருவரின் வழியாகவும் போகும். இரண்டும் ஒரே நேரத்தில் சந்திக்கும் என்று உத்தரவாதம் இல்லை. அதற்கு ஆவணம் சொல்லும் வழிகளில் ஒன்று: விவரண மாற்றத்தை அடுத்த வெளியீட்டுக்குத் தள்ளிவை. ஒரு வெளியீட்டுக்கு 9 அல்லது 10 வாரம். முதலில் புதிய சொல்லை அறிந்த டிரைவர் உள்ளே போகட்டும், பிறகு அந்தச் சொல்லைப் பாவி. பத்து வாரப் பொறுமை இருந்தால் உடைவு இல்லாமல் போகலாம்.

ராஸ்பெரி பை ஆட்கள் 2015 தொடக்கத்தில் 3.18 கேர்னலோடு டிவைஸ் ட்ரீக்கு மாறியபோது நடந்ததும் படிப்பினைதான். ஐ2சி, எஸ்பிஐ வழியாகக் கொழுவியிருந்த கருவிகள் பலருக்கு வேலை செய்யாமல் போயின, ஏனென்றால் புதிய முறையில் அவற்றைத் தனியாகத் திறந்துவிட வேண்டியிருந்தது. அது பிழைதான். ஆனால் இரண்டு காரியத்தைச் சரியாகச் செய்தார்கள். கேர்னல் கோப்பின் வாலில் ஒரு சின்னக் குறிப்பு ஒட்டி, “இவனுக்கு டிவைஸ் ட்ரீ விளங்கும்” என்று ஃபேர்ம்வெயருக்குச் சொன்னார்கள். குறிப்பு இல்லாத பழைய கேர்னலுக்கு ஃபேர்ம்வெயர் பழைய முறையிலேயே நடந்துகொண்டது. பிடிக்காதவர் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதிப் பழைய முறைக்குத் திரும்பவும் விட்டார்கள். வாற வழியும் இருந்தது, போற வழியும் இருந்தது.

ஆகவே எங்கட கோரிக்கை பெரிசாக ஒன்றும் இல்லை. விவரணத்தின் ஒரு சொல்லை வேறு மாதிரி வாசிக்கப் போகிற எந்தத் திருத்தமும், பழைய விவரணத்துக்கு என்ன நடக்கும் என்று ஒரு பந்தியாவது சொல்ல வேணும். பிழையான விவரணத்தோடு ஓடிக்கொண்டிருந்த பலகை தெரியவந்தால், அந்தப் பலகையின் பெயரைப் பார்த்துப் பழைய மாதிரியே நடக்கிற வழி டிரைவருக்குள் இருக்க வேணும். விவரணம் வன்பொருளைச் சொல்ல வேணும். இன்றைய டிரைவரின் விருப்பத்தைச் சொல்லக்கூடாது. பலகை விற்கிற கொம்பனி, ஃபேர்ம்வெயரை எழுதும்போது கரண்ட் போனாலும் பழையதிலிருந்து எழும்புகிற மாதிரி இரண்டு இடம் வைத்துத் தர வேணும்; வெளியீட்டை நிறுத்தும்போது மூலத்தைத் திறந்து விட்டுட்டுப் போக வேணும்.

எங்கட பலகை இப்போது ஓடுகிறது. ஃபேர்ம்வெயரை நாங்கள் தொடவில்லை. விடுதியில் பொறியியல் பீடத்துத் தோழி ஒருத்தி வந்து, பலகை எழும்பும்போது ஃபேர்ம்வெயர் கொடுக்கிற விவரணத்தை விட்டுட்டு டிஸ்க்கில் இருக்கிறதை எடுக்கச் சொல்லி ஒரு வரி எழுதினாள். அந்த விவரணத்தில் ஒரு கோடும் இரண்டு எழுத்தும் கூட. அவ்வளவுதான். வினாத்தாள்கள் திரும்பவும் இறங்கின.

அவள் இருந்தபடியால் தப்பினோம். அப்படி ஒரு ஆள் இல்லாத அறைகளில் இருக்கிற பலகைகளை ஆர் எழுப்புவது என்ற கேள்வியை, அடுத்த முறை ‘ஒண்டா அப்டேட் பண்ணுங்கோ’ என்று ஆராவது சொல்லும்போது நீங்களும் கேளுங்கோ.